எண்ணெய் போட்ட கதவு

தலைநகரின் கோட்டைக் கதவை எதிரியின் யானைகள் ஒன்பது நாள் முட்டின. ஆணிகள் பெயர்ந்தன, பலகைகள் பிளந்தன. ஆனாலும் கதவு விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாம் நாள்தான் விழுந்தது. உடைந்த கதவைக் கோட்டையின் பின்புறம் இழுத்துப் போய், புதர் மறைவில் இருந்த சின்னக் கதவின் பக்கத்தில் போட்டார்கள்.

"மன்னர் கடைசி வரைக்கும் சண்டை போட்டாரா?" என்று கேட்டது பெரிய கதவு.

"எதிரியின் கொடி தெரிந்த அன்றே இந்த வழியாகப் போய்விட்டார். சத்தம் வரக் கூடாதென்று என் கீலுக்கு விளக்கெண்ணெய் போட்டார்கள். ராணி, நகைப்பெட்டி, வளர்ப்புக் கிளி எல்லாம் போயாச்சு."

"அப்படியென்றால் ஒன்பது நாள் நான் யாரைக் காப்பாற்றினேன்?"

"அவரைத்தான். எல்லையைத் தாண்ட அவருக்கு அத்தனை நாள் வேண்டியிருந்தது."

"உள்ளே இருந்த ஜனங்கள்?"

"அவர்களுக்கு என்னைத் தெரியாதே. உன்னை நம்பி உள்ளேயே இருந்தார்கள்."



மறுநாள் வென்ற மன்னன் அங்கே வந்தான். சின்னக் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தான். பிறகு சேவகனிடம் சொன்னான்:

"முன்வாசலுக்கு அந்த உடைந்த கதவைவிடக் கெட்டியாக ஒரு கதவு செய்யச் சொல். அது மெதுவாக வரட்டும். முதலில் இந்தக் கீலுக்கு எண்ணெய் போடு."