முரடனுக்கு வந்த தூக்கம்

மூன்று நாளாக ஒரு மனுஷன் மண்டைக்குள் போர். கிருமிகள் கடைசி ஒன்றுவரை செத்துவிட்டன. வெள்ளணுத் தலைவன் முரடனுக்கோ தீப்பந்தத்தைக் கீழே வைக்க மனமில்லை. எதிரி தீர்ந்துபோனால் எதிரே நிற்பவனைக் கொளுத்துவது அவன் படையின் வழக்கம். இப்போது எதிரே நின்றவை மூளையின் நரம்பணுக்கள்.

அவை பதறிப்போய் ஒரு தூதனைப் பெற்றெடுத்து அனுப்பின. கடுகில் கோடியில் ஒரு பங்கு உருவம், இரண்டே நிமிஷம் ஆயுள். ஓடி வந்ததிலேயே ஒரு நிமிஷம் போய்விட்டது.

“அண்ணே, சண்டை முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் படுங்க.”

“நான் படுத்தா வீட்டை யாருடா காக்கிறது?” என்றான் முரடன்.

“கொளுத்திக்கிட்டே காக்குறீங்களே அண்ணே.”

முரடன் பந்தத்தை ஓங்கினான். இனிப் பேசிப் பயனில்லை என்று தூதனுக்குத் தெரிந்துவிட்டது. முரடனின் மார்பில் அவனே அறியாத ஒரு பூட்டு இருந்தது. தூதன் எம்பிக் குதித்து, தன்னையே சாவியாக அதற்குள் திணித்துத் திருகினான்.

முரடன் பெரிய கொட்டாவி விட்டான். பந்தம் நழுவி அணைந்தது.

“நீ சொன்னேன்னு படுக்கலை, தெரிஞ்சுக்கோ. எனக்கே தோணிச்சு.”

தூதன் காலிலிருந்து கரைந்துகொண்டிருந்தான். வாய் மட்டும்தான் மிச்சம்.

“ஆமாண்ணே, உங்களுக்கேதான் தோணிச்சு.”

அதைக் கேட்ட பிறகுதான் முரடன் கண்ணை மூடினான்.