நிலநடுக்கத்துக்கு ஒரு குரல்

நிலநடுக்கம் பற்றிய ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் திரையில் ஜனங்கள் ஓடும் காட்சியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பூமி ஆடினதும் எப்படி ஓடுதுங்க பாரு, ஆட்டு மந்தை மாதிரி!"

"உயிர்ப்பயம்ங்க. ஓடத்தானே செய்வாங்க?" என்றாள், படத்தை எடிட் செய்யும் மனைவி.

"விஷயம் தெரிஞ்சவன் பதறமாட்டான். உனக்கு எங்க புரியப்போகுது?"

திடீரென்று மேசை அதிர்ந்தது. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்பு கடகடத்தது. "ஐயோ!" என்று அலறிய அவர், குறுக்கே நின்ற மனைவியைக் கீழே தள்ளிவிட்டுத் தலைதெறிக்க ஓடினார். தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

பின்னாலேயே வந்தார், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர். "ஏன் சார் ஓடினீங்க? படத்துக்குச் செஞ்ச நிலநடுக்கச் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்."

முழங்கையைத் தேய்த்தபடி மனைவியும் வந்தாள். "மைக்கை நான் நிறுத்தலைங்க. உங்க அலறல் அருமையா பதிவாயிருக்கு. ஜனங்க ஓடற காட்சிக்கு அதையே போட்டுடறேன்."