மூணரைக் கிலோ சக்கரம்

"இது வேண்டாம் சார். சொன்னாக் கேளுங்க."

ஒர்க்‌ஷாப் மேஜை மேல் மூன்று ஃப்ளைவீல்கள். எஞ்சினுக்குப் பின்பக்கம் சுழலும் கனத்த சக்கரங்கள். வண்டியிலிருந்து கழற்றிய பழையது ஒன்பது கிலோ. புதிதாக இரும்பில் ஒன்று, ஐந்தரைக் கிலோ. கடைசியாக அலுமினியத்தில் ஒன்று, வெறும் மூணரை.

அந்தக் கடைசி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார் சர்வேயர். வயது ஐம்பத்திரண்டு. வாசலில் நின்ற நீல ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது.

"இதெல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு," என்றாள் மெக்கானிக். எஞ்சினில் காதை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவாள் என்பதால் எல்லாரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நீங்க தினமும் ஆபீஸ் போற வண்டி. கனம் குறைஞ்சா எஞ்சின் சட்டுனு ஏறும், சட்டுனு இறங்கும். சிக்னல்ல கிளட்சை விடும்போது ஆஃப் ஆகும். மேட்டுல கேக்கவே வேண்டாம்."

"சும்மா நிக்கும்போது சத்தம் எப்படி இருக்கும்?"

"நியூட்ரல்ல போட்டு கிளட்சை விட்டீங்கன்னா, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி கடகடன்னு இருக்கும். திரும்பக் கிளட்சை மிதிச்சாத்தான் நிக்கும்."

"ஐந்தரைக் கிலோ போட்டா?"

"லேசா முணுமுணுக்கும். பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது. அதைத்தான் போடச் சொல்றேன்."

சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ தூரத்தில் அந்தக் கடகடப்பு கேட்டதோ என்னவோ, முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"மூணரையே போடுங்க."

'இந்த வயசுல யாருக்குப் படம் காட்டணுமாம்!' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாட்டிக்கொடுத்தாள். ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆனது. மனுஷன் கனவில் ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்தே நாளில் பேச்சு வந்தது.

"அந்த நீல வண்டி நீங்க வேலை பார்த்ததாமே? நின்னா தெருவே திரும்பிப் பார்க்குது!" என்று சிரித்தார் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக அவள் கை வைத்த வண்டியைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் குறை வந்ததில்லை. உடனே சர்வேயருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கே வண்டியை நான் பார்க்கணும் சார். கையோட மாத்திடலாம்."

"ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கணும். அப்படியே வந்து ஏத்திக்கிறேன். நீங்க பின்சீட்டுல உக்காந்துக்கணும், பரவாயில்லையா? முன்சீட்டுல ஆள் ஏறணும்."

'ஓஹோ, ஆள் வேறயா! அப்படிப் போகுதா கதை!'

பின்சீட் என்பது பேருக்குத்தான். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள்.

தூறல் போட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக வண்டிகள். ஈரக் கண்ணாடியில் எல்லா விளக்குகளும் கரைந்து வழிந்தன. ஹார்ன் அடிக்கக் கூடாத இடம். அத்தனை எஞ்சின்களும் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல மெதுவாக உறுமிக்கொண்டிருந்தன.

சர்வேயர் நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.

கடகடகடகட...

முன்னால் நின்ற கார்க்காரர் கண்ணாடியை இறக்கி முறைத்தார். குடைக்குள்ளிருந்து நாலு தலைகள் திரும்பின.

"சார், கிளட்சை மிதிங்க. என் மானம் போகுது!"

"ரெண்டு நிமிஷம், டாக்டரம்மா."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். பிசியோதெரபி பிரிவின் வெள்ளைக் கோட்டு. கையில் வெள்ளைக் குச்சி. படியில் ஒரு கணம் நின்று, தலையை லேசாகச் சாய்த்தாள். அப்புறம் நடந்தாள். ஒரு கார், இரண்டு கார், ஏழு கார் தாண்டி, மழையில் மிதந்து வருவதுபோல நேராக வந்தாள்.

"என் வீட்டுக்காரி," என்றார் சர்வேயர், தணிந்த குரலில். "எட்டு மாசமா பார்வை சுத்தமா இல்ல. தனியாத்தான் நடப்பா. நான் இறங்கிப் போய்க் கையைப் பிடிச்சாக்கூடப் பிடிக்காது. அவளுக்காக எதையாவது மாத்தினேன்னு தெரிஞ்சா, அவ்வளவுதான்."



கதவு திறந்தது. அந்தப் பெண்மணி உட்கார்ந்து, குச்சியை மடக்கினாள்.

"இன்னைக்கும் யாரையும் கேக்கல தெரியுமா! போன மாசம் யார் கார்லயோ ஏறி உக்காந்து, அந்தாளு பதறி... அப்பப்பா. இப்ப படியில நிக்கும்போதே நம்ம வண்டி தெரிஞ்சுடுது." சட்டென்று பின்பக்கம் திரும்பினாள். "யாரது?"

"நம்ம மெக்கானிக் அம்மா," என்றார் சர்வேயர் அவசரமாக.

"அட, நீங்களா! இந்தச் சத்தம் நீங்க ஏதோ தப்பா மாட்டினதால வந்ததுன்னு இவர் சொன்னார். கோவிச்சுக்காதீங்க, நிஜந்தானா?"

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் சர்வேயரின் கண்கள் தெரிந்தன. கெஞ்சின.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம்மா, என் தப்புதான். இனிமே அதைச் சரி பண்ணவும் முடியாது."