இடுப்பளவு தண்ணீர்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லீவு கிடைக்கிற மே மாதங்களில் எபினேசர் குடும்பத்தோடு தடா அருவிக்குப் போய், மடுவை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவார். அவரும் மகன் ஜோயலும் ஆசை தீர நீந்துவார்கள். மனைவி கிருபா பாறையில் உட்கார்ந்து துணிகளுக்குக் காவல் இருப்பாள்.

"இடுப்பளவு தண்ணிதாம்மா, வா," என்று ஜோயல் கெஞ்சுவான். உண்மையில் மடு இரண்டு ஆள் ஆழம். நீச்சல் தெரியாத கிருபா சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவாள்.

ஜோயல் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. இந்த மே மாதம்தான் இருவரும் மறுபடி வந்தார்கள்.

எபினேசர் கூடாரத்துக்கு முளை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கிருபா மடுவின் நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. கையில் கிடைத்த கூடாரக் கம்போடு அவர் கரைக்கு ஓடினார். அவள் அருவியில் தலையை நனைத்துக்கொண்டு, போன மாதிரியே நடந்து திரும்பினாள்.

கரையோரம் வந்து இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றவளுக்குப் பக்கத்தில், அந்தக் கம்பை இறக்கிப் பார்த்தார். கம்பு முழுக்க உள்ளே போயும் அடி தட்டவில்லை.

"இத்தினி வருசம் சும்மா பயந்துகினு இருந்துட்டேங்க," என்றாள் கிருபா.

"தனியாவா போன?"

"நீங்களும் வாங்க."

இடது கையை அவரிடம் நீட்டினாள். அவளுடைய வலது கை, யாரோ விரல் கோத்துப் பிடித்திருப்பதுபோல் தண்ணீருக்கு மேல் மடங்கியே இருந்தது.

எபினேசர் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிய கையைப் பிடித்தார். மடுவின் நடுவரைக்கும், கால் வைத்த இடமெல்லாம் குளிர்ந்த மணல் தட்டுப்பட்டுக்கொண்டே வந்தது.