கோட்டுக்கு எந்தப் பக்கம்

எதிர் ஃப்ளாட் செழியனின் மனைவி ஆதிரை கடலடி நிலையத்துக்கு வேலைக்குப் போய் எட்டு மாதமாகிறது. தினமும் ஆறு மணிக்குச் சுவர்த்திரையில் வந்து பேசுவாள். அவளுக்கு ஓய்வில்லாத நாட்களில் கம்பெனியின் கணினிப் பதிலாள் வரும். அதே முகம், அதே குரல். வந்தது யார் என்று சொல்லமாட்டார்கள்.

நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கமாக அமைந்துவிட்டது.

அவள் திரும்பி வரும்போது கொடுப்பதற்காக மனுஷன் மரப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். ஆணி கிடையாது. புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கையால் அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும். அவர் கோத்ததில் நிலக்கடலை விழுமளவு சந்து. திரையில் தூக்கிக் காட்டுவார்.

"பிரமாதம்ங்க!"

இருபது நாளாகத் தினமும் பிரமாதம். மனுஷன் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"ஆதிரை, நீதானா?"

"நான்தாங்க."

அதைப் பதிலாளும் சொல்லுமே!

நேற்றும் புதிதாகக் கோத்த ஒரு மூலையைக் காட்டினார்.

"அட கடவுளே! பென்சில் கோட்டுக்குக் கழிச்சுப்போடுற பக்கமா அறுக்கணும்னு எங்கப்பா எத்தனை தடவை சொன்னார்? கல்யாணத்தன்னிக்குச் சட்டைப் பட்டனையும் இப்படித்தான் மாத்திப் போட்டுக்கிட்டு நின்னீங்க. எதிர்வீட்டு அக்கா கண்ணுல பட்டா அபார்ட்மெண்டே சிரிக்கும்!"

செழியன் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

"திட்டுடி. இன்னும் கொஞ்சம் திட்டு."

நான் ஜன்னலைச் சாத்தினேன்.