மணிமேகலைக்கு இன்று லீவு

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த வேலையை மட்டும் விட்டுடணும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா மாதப்பன்.

மணிமேகலை காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க விடணும்?"

அவள் அம்மா சரஸ்வதி மகளை முறைத்தாள். வந்த வரனெல்லாம் இந்த வேலையைச் சொல்லித்தான் தட்டிப் போயிருந்தது.

"ஊர் சாக்கடையில வேலை செய்யற பொண்ணுன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா செல்வம்மாள். சொல்லும்போதே முந்தானை மூக்குக்குப் போனது. வீட்டில் அடித்ததென்னவோ கேசரி வாசனைதான்.

"கழிவுநீர் பிளான்ட்டையே புதுசாக்கிட்டாங்கம்மா. எல்லாம் மெஷின். நான் கன்ட்ரோல் பேனல்ல உக்காந்து ஓட்டுறேன். சுத்தமான தண்ணி பைப்புல விவசாயத்துக்குப் போகுது."

"என்னதான் சுத்தம் பண்ணினாலும் சாக்கடை சாக்கடைதாம்மா!" மாதப்பன் சிரித்தார். "எங்களைப் பாரு. பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம். பூவெல்லாம் பிளேன் ஏறி வெளிநாடு போகுது. இந்தா, நம்ம தோட்டத்துப் பூதான், மோந்து பாரு."

மணிமேகலை பூவைத் தொடவில்லை. மாப்பிள்ளை மாதேஷைப் பார்த்தாள். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

"அப்பா சொன்னா சரிதான்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"எனக்குச் சரியில்லைங்க. படிச்சு, பரீட்சை எழுதி வாங்கின வேலை. யாருக்காகவும் விட மாட்டேன்."

"மணி, வாயை மூடு!" சரஸ்வதி அதட்டினாள்.

"இரும்மா. புதுப் பேனலை ஓட்ட அங்க என்னைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது. இவங்களுக்காக லீவு போட்டதே தப்பு."

"பாத்தீங்களா திமிரை!" செல்வம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

மாதப்பன் எழுந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அலறியது. காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தோட்டத்து மேஸ்திரி வெள்ளைச்சாமி.

"ஐயா, தொட்டி காலிங்க! செடியெல்லாம் வாட ஆரம்பிச்சிருச்சு. காலையிலேர்ந்து பைப்புல சொட்டுத் தண்ணி வரலை. கழிவுநீர் பிளான்ட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டா, திறந்து விடற பொண்ணு லீவாம்!"

மாதப்பனின் விரல் ஸ்பீக்கரை அணைக்கத் தடுமாறியது. வெள்ளைச்சாமி நிறுத்துவதாயில்லை.

"அதைப் பொண்ணு பாக்க யாரோ வந்து உக்காந்திருக்காங்களாம். அந்தப் புண்ணியவானுங்க எந்திரிச்சுப் போனாத்தாங்க நம்ம ரோஜா பொழைக்கும்!"