மூஞ்சி தெரியாத படம்

"எம் பொண்டாட்டி காலை எடுத்தியே, அந்தப் படம் எங்கலே?"

கேட்டுக்கொண்டே பால்பாண்டி ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவை எட்டி உதைத்தான். கதவு சில்லுச் சில்லாகக் கொட்டியது. உள்ளே ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த போட்டோகிராபர் செந்தூர்பாண்டி எழுந்திருப்பதற்குள் அவன் சட்டைக் காலர் பால்பாண்டியின் கையில் இருந்தது.

"எ... எந்தப் படம்ணே?"

பளார் என்று ஓர் அறை. காது கொய்யென்று இரைந்தது.

"மெட்டி போட்ட கால் படம்லே! தெரியாத மாதிரி கேக்க?"

பால்பாண்டியின் காலில் செருப்பில்லை. சட்டை பூராவும் கரி. பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு எங்கேயோ உருண்டிருக்கிறான் என்று நினைத்தான் செந்தூர்பாண்டி. மேசையில் கிடந்த போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்!

நாலு மாதத்துக்கு முன்னால் பால்பாண்டிக்கும் மாரிச்செல்விக்கும் கல்யாணம். மருதாணி போட்ட கையை எடுக்கலாம் என்று செந்தூர்பாண்டி கேமராவோடு குனிந்தபோது மணப்பெண் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். "கை வேண்டாம்ணே. பட்டாசு மருந்துக் கறை, எம்புட்டுத் தேய்ச்சாலும் போக மாட்டேங்கு. காலை வேணா எடுத்துக்கோங்க" என்று சிரித்தாள். எடுத்தான். அம்மாடி, அந்தக் கல்யாணத்திலேயே அதுதான் படம்!

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்து நம்பர் குறித்து அனுப்பச் சொல்லி பால்பாண்டிக்கு லிங்க் அனுப்பினான். அன்றைக்கே போனில் கத்தல். "மூஞ்சி தெரியாத படம் எதுக்குலே? எம் பொண்டாட்டி காலை ஊரான் பாக்கவா? அழிச்சிரு!"

அழித்துவிட்டேன் என்றான். லிங்க்கிலிருந்து எடுத்தான், ஆல்பத்தில் சேர்க்கவில்லை, கடைசியில் கொடுத்த பென் டிரைவிலும் போடவில்லை. ஆனால் ஒரேயடியாக அழிக்க மனசு வரவில்லை. முகம்தான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று போன வாரம் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். மூவாயிரம் லைக். கெட்ட புத்தி, வேறென்ன?

எவனோ காட்டிக் கொடுத்துவிட்டான், அதுதான் இந்த ஆட்டம் ஆடுகிறான் என்று முடிவு கட்டினான்.

"அன்னைக்கே அழிச்சிட்டேன்ணே. எங்கம்மா சத்தியமா!"

"பொய் சொல்லாதலே!"

மூலையில் இருந்த டிரைபாடைத் தூக்கி பால்பாண்டி ஒரே வீச்சாக வீசினான். செந்தூர்பாண்டியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"படம் இல்லன்னா மெட்டி எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லு! எடுத்தவன் நீதான? சொல்லுலே!"

ஐயையோ, இது வேறா! மீன் மெட்டி. மீனின் கண்ணில் பொடிச் சிவப்புக்கல். செந்தூர்பாண்டிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் சொன்னால், அடுத்தவன் பொண்டாட்டி காலை அம்புட்டு உத்துப் பார்த்தாயா என்று கேட்டு உயிரை எடுத்துவிடுவானே.

"நான் பாக்கவே இல்லண்ணே. அவுக எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி!"

மறுபடியும் டிரைபாட் இறங்கியது. தடுத்த கையில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. "அம்மா!" என்று அலறி நாற்காலியோடு சாய்ந்தான்.

பால்பாண்டி அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த ஆல்பங்களையும் பென் டிரைவ்களையும் வாரி வெளியே இறைத்தான். முதுகு திரும்பியிருந்த அந்த அரை நிமிடம் செந்தூர்பாண்டிக்குப் போதும். தட்டுத்தடுமாறி எழுந்து உடையாத கையால் மௌஸைப் பிடித்தான். கம்ப்யூட்டரில் இருந்த கால் படத்தை அழித்தான், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தான். போனை எடுத்து இன்ஸ்டாகிராமிலிருந்தும் தூக்கினான். அப்பாடா!

"நம்பலேன்னா நீங்களே பாருங்கண்ணே. உங்க கல்யாணப் படம் அம்புட்டும் இதுலதான் இருக்கு."

பால்பாண்டி திரைமுன் குனிந்தான். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலில் இருந்து பார்த்தான்.

"நெசமாவே இல்லையா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

டிரைபாட் கை நழுவி விழுந்தது. பால்பாண்டி கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

செந்தூர்பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லை என்று தெரிந்தால் இவன் சந்தோஷம்தானே படவேண்டும்?

"அந்த மெட்டிய நாந்தாம்ல குனிஞ்சு போட்டுவிட்டேன். கண்ணு பூரா அவ மூஞ்சியிலயே இருந்துச்சு. அதுக்குப் பொறவும் ஒரு நாளும் மெட்டிய நான் உத்துப் பாக்கவே இல்ல."

"அதுக்கு ஏண்ணே அழுவுறீக? இப்ப வீட்டுக்குப் போயி நேர்லயே பாத்துக்கிட வேண்டியதுதான?"

பால்பாண்டி நிமிர்ந்தான்.

"அவ வேலைக்குப் போற பட்டாசுக் கம்பெனி வெடிச்சிருச்சுலே. ஆஸ்பத்திரியில நாலு பொம்பளைகளக் கெடத்தியிருக்காக... ஒருத்திக்கும் மூஞ்சி இல்ல."